அட்டைப் படகு: வகுப்புச் செய்முறைக்காகக் கட்டிப் பந்தயத்தில் ஓட்டுவது வரை

பெட்டி அட்டையின் ஓரத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாள்கள், நடுவே அலைபோல் நெளிந்த ஒரு தாள். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் கஞ்சிப் பசைதான். தண்ணீர் பட்டால் அது இளகிவிடும். நெளிவுகளுக்கு இடையே உள்ள குழல்கள் தண்ணீரை உறிஞ்சி உள்ளே வெகுதூரம் கொண்டுபோகும். அட்டைப் படகின் அடிப்பகுதி நடுவில் ஓட்டை விழுந்து மூழ்குவது அரிது. வெட்டிய ஓரத்தில் தண்ணீர் நுழைகிறது, குழல் வழியே ஓடுகிறது, தாள்கள் பிரிகின்றன, விறைப்பு போகிறது, படகு நடுவில் மடிகிறது. மூழ்காத படகுகளில் பலவும் கவிழ்கின்றன. அதற்குக் காரணம் அகலக் குறைவு, அல்லது ஆட்கள் உயரமாக உட்கார்ந்திருப்பது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கட்டும் நேரத்தில் பாதியை ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் ஒதுக்குங்கள். வரையும் நேரத்தில் பாதியை அகலத்துக்கு ஒதுக்குங்கள். படகின் பெயர், நிறம், கொடி எல்லாம் மிச்ச நேரத்தில்.

1. முதலில் விதிகளைப் படியுங்கள்

இந்தப் பந்தயமே ஒரு வகுப்பறைத் தேர்வாகத்தான் புகழ்பெற்றது. 1974-ல் அமெரிக்காவின் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆர்ச்சர் என்ற வடிவமைப்பு ஆசிரியர், அட்டையில் படகு செய்து ஏரியில் ஓட்டிக்காட்டுவதை மாணவர்களுக்கு இறுதித் தேர்வாக வைத்தார். அன்றிலிருந்து பந்தயத்துக்குப் பந்தயம் விதிகள் மாறுகின்றன. உங்கள் ஆசிரியரிடம் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: படகில் எத்தனை பேர்? அட்டையும் டேப்பும் மட்டும்தானா, பசையும் பெயின்ட்டும் உண்டா? டேப் இணைப்புகளில் மட்டும் ஒட்டலாமா, முழுதும் சுற்றலாமா? துடுப்பும் அட்டையில்தான் செய்ய வேண்டுமா? எவ்வளவு தூரம், நடுவில் திரும்ப வேண்டுமா? முன்னோட்டமாக ஒருமுறை மிதக்கவிட அனுமதி உண்டா?

கடைசி இரண்டு கேள்விகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீச்சல் குளத்தில் நேராக ஒரு முறை கடப்பதற்கு நீண்ட படகு நல்லது. கம்பத்தைச் சுற்றித் திரும்பிவர வேண்டுமென்றால் அதே நீளம் தொல்லையாகும்.

2. கணக்கு

படகில் வெட்டு விழுவதற்கு முன் காகிதத்தில் பேனா ஓட வேண்டும். கணக்கு எளிது, ஆனால் தவிர்க்க முடியாதது.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது. ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ. தலா 45 கிலோ எடையில் இரண்டு பேர், படகு 10 கிலோ என்றால் மொத்தம் 100 கிலோ. ஆக, 100 லிட்டர், அதாவது 1,00,000 கன சென்டிமீட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். தட்டையான அடிப்பகுதி 200 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 14,000 சதுர செ.மீ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சுமார் 7 செ.மீ. வருகிறது. படகு அவ்வளவுதான் அமிழும். பக்கச் சுவர் 30 செ.மீ. வைத்தால் 23 செ.மீ. தண்ணீருக்கு மேலே நிற்கும். பக்கத்துப் படகு கிளப்பும் அலைக்கும், துடுப்பு போடும்போது ஒருபக்கம் சாய்வதற்கும் அது போதும்.

படகின் எடையை ஊகிக்க வேண்டாம். உங்கள் அட்டையில் 50-க்கு 50 செ.மீ. துண்டு வெட்டி எடை பாருங்கள். அதை நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிடைக்கும். மொத்தப் பரப்பால் பெருக்கி, பசைக்கும் டேப்புக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பெரும்பாலான குழுக்கள் சரியாகவே செய்கின்றன. கவிழ்வதற்கான கணக்கைத்தான் யாரும் போடுவதில்லை. அதற்கும் ஒரு சுருக்கமான வழி உண்டு. அகலத்தை அகலத்தால் பெருக்குங்கள். அமிழும் ஆழத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, அதனால் முன்னதை வகுங்கள். வந்த விடையோடு அமிழும் ஆழத்தில் பாதியைக் கூட்டுங்கள். படகின் அடியிலிருந்து இந்த உயரத்துக்குக் கீழே ஆட்களும் படகும் சேர்ந்த ஈர்ப்பு மையம் இருந்தால் படகு நிமிர்ந்து நிற்கும். அதைத் தாண்டினால் தானாகவே புரளும்.

70 செ.மீ. அகலப் படகுக்கு இந்த எல்லை சுமார் 61 செ.மீ. அதே நீளம், அதே எடை, அகலம் மட்டும் 50 செ.மீ. என்றால் படகு 10 செ.மீ. அமிழும், எல்லை வெறும் 26 செ.மீ.க்கு இறங்கிவிடும். தரையில் கால் நீட்டி உட்கார்ந்தவரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் இருக்கும். மண்டியிட்டு நிமிர்ந்தால் அது கிட்டத்தட்ட இரு மடங்காகும். இப்போது இரண்டு படகுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அகலமான படகில் மண்டியிட்டே துடுப்பு போடலாம். குறுகலான படகில் உட்கார்ந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நான் மாணவர்களோடு நின்று கட்டிய முதல் படகு 50 செ.மீ. அகலம்தான். கயாக் போல மெலிந்து அழகாக இருந்தது. ஒரு துளி ஒழுகவில்லை. இரண்டாவது ஆள் ஏறியதும் கவிழ்ந்தது. கரையிலிருந்து ஒரு முழம்கூட நகரவில்லை. அதன்பிறகு 65 செ.மீ.க்குக் குறைவான எந்த வரைபடத்தையும் நான் ஏற்பதில்லை.

நீளத்துக்கு வேறொரு கணக்கு. படகு ஓடும்போது தன் முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டு, ஒரு கட்டத்தில் படகின் நீளத்தை எட்டிவிடும். அதற்குமேல் எவ்வளவு துடுப்பு வலித்தாலும் வேகம் எளிதில் கூடாது. மீட்டரில் உள்ள நீளத்தின் வர்க்கமூலத்தை 1.25-ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 2 மீட்டர் படகுக்கு 1.77, 3 மீட்டருக்கு 2.17. வித்தியாசம் உண்மையானதுதான், ஆனால் நீளும் ஒவ்வொரு சாணும் படகு நடுவில் மடியும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இரண்டு பேர் படகுக்கு 2 முதல் 2.5 மீட்டர் என்பது என் கணிப்பு.

3. பத்தில் ஒரு பங்கு மாதிரி

மெல்லிய அட்டையில் 20 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரத்தில் ஒரு குட்டிப் படகு மடியுங்கள். அளவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் கொள்ளளவு ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும். ஆகவே 100 கிலோவுக்குப் பதில் படகோடு சேர்த்து 100 கிராம். நாணயங்களை எடை பார்த்து வைத்து, தொட்டித் தண்ணீரில் விடுங்கள். 7 மி.மீ. அமிழ்ந்தால் உங்கள் கணக்கு சரி. நாணயங்களைக் குவித்து உயரமாக அடுக்கிப் பாருங்கள், எந்த உயரத்தில் புரள்கிறது என்று தெரியும். மூலைகளை எப்படி மடிப்பது என்ற குழப்பமும் இந்த மாதிரியிலேயே தீர்ந்துவிடும். அரை மணி நேர வேலை. இதை விட்டுவிட்டுப் பெரிய அட்டையில் கை வைக்காதீர்கள்.

4. அட்டையைத் தேர்ந்தெடுப்பது

நெளிவு அடுக்கு ஒன்று மட்டும் உள்ள அட்டை 3, 4 மி.மீ. தடிமன் இருக்கும். இரண்டு நெளிவு அடுக்குகள் உள்ளது சுமார் 7 மி.மீ. அடிப்பகுதிக்கு இரண்டாவதைத் தேடுங்கள். குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், சைக்கிள் வந்த பெட்டிகள் நல்லவை. ஒருமுறை நனைந்து காய்ந்த அட்டையைத் தொடாதீர்கள். பார்வைக்கு முழுதாக இருந்தாலும் உள்ளே பசை விட்டிருக்கும். மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் வேண்டாம்.

பெட்டியில் நெளிவுகள் வழக்கமாக மேலிருந்து கீழாக ஓடும். அடுக்கும்போது சுமை தாங்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். 70 செ.மீ. சதுர அடியும் 180 செ.மீ. உயரமும் உள்ள பெட்டியைப் பிரித்து விரித்தால் 280-க்கு 180 செ.மீ. தாள் கிடைக்கும். அதை நீளவாக்கில் படகாக்கினால் நெளிவுகள் படகின் குறுக்கே ஓடும். 70 செ.மீ.க்கு ஒன்றாகப் பெட்டியின் பழைய மடிப்புகளும் குறுக்கே விழும். படகு மடிவதற்கு அந்த மடிப்புகள் ஏற்கெனவே வழி போட்டு வைத்திருக்கின்றன. இதனால் உள்தளத்துக்கு வேறொரு பெட்டியிலிருந்து, நெளிவுகள் நீளவாக்கில் ஓடும் துண்டுகளை எடுத்து மேலே ஒட்ட வேண்டும். அந்தத் துண்டுகளின் இணைப்பு பழைய மடிப்பின்மேல் விழக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய இரண்டு அடுக்குகள், ஒரே திசையில் ஒட்டிய மூன்றைவிட நம்பகமானவை.

5. வெட்டுவதைவிட மடிப்பது மேல்

200-க்கு 70 செ.மீ. அடி, 30 செ.மீ. சுவர் என்றால் தாளின் அகலம் 130 செ.மீ. படகின் முன்பக்கத்தை மீனவர் வழக்கில் அணியம் என்பார்கள், பின்பக்கம் அமரம். அமரத்துக்கு 30 செ.மீ. செங்குத்துச் சுவர் போதும். அணியத்தைக் கூர்மையாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை நான் தடுக்கவே பார்ப்பேன். கூர்முனையில் இரண்டு வெட்டு ஓரங்கள் சந்திக்கின்றன, தண்ணீர் நேராக மோதுவதும் அங்கேதான், மோதி நசுங்குவதும் அங்கேதான். அடிப்பகுதியையே முறம்போல் 45 பாகை மேலே மடித்துவிடுங்கள். 30 செ.மீ. உயரத்துக்கு அந்தச் சரிவுக்கு 42 செ.மீ. தாள் தேவை. ஆக மொத்த நீளம் 272 செ.மீ. மேலே சொன்ன பெட்டியில் இது அடங்கிவிடும்.

மடிப்புக் கோட்டைக் கத்தியால் கீறாதீர்கள். நீண்ட ஸ்கேலை வைத்து, கரண்டியின் பின்புறத்தால் நாலைந்து முறை அழுத்தி இழுங்கள். தாள் கிழியாமல் நெளிவு மட்டும் நசுங்க வேண்டும். பிறகு இரண்டு பேர் சேர்ந்து, மேசை விளிம்பில் வைத்து மெதுவாக மடியுங்கள்.

மூலைகளில்தான் இந்தப் படகின் உயிர் இருக்கிறது. மூலையில் மிஞ்சும் அட்டையைப் பெட்டிபோல் வெட்டி எடுத்துவிட்டால் அடி மூலையில் ஓர் ஓட்டை உருவாகிறது, எத்தனை டேப் ஒட்டினாலும் அது பலவீனம்தான். வெட்டவே வேண்டாம். மிஞ்சும் பகுதியின் நடுவே ஒரு சாய்வு மடிப்பு போட்டு, அதைக் காதுபோல் இரண்டாக மடக்கி, சுவரின் உட்பக்கமாகப் படியவைத்து ஒட்டுங்கள். காகிதத் தட்டு மடிக்கும் அதே முறைதான். அமரத்தில் காது பெரிதாக வரும். அணியம் சரிந்திருப்பதால் அங்கே கோணம் பாதியாகிக் காது சிறுத்துவிடும். இப்படி மடித்தால் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே ஒரு வெட்டு ஓரம்கூட இருக்காது.

ஒரே தாள் கிடைக்காமல் இரண்டை இணைக்க நேர்ந்தால் குறைந்தது 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். வெளிப்பக்கம் தெரியும் ஓரம் அமரத்தை நோக்கி இருக்கட்டும். மீனின் செதில் எப்படிப் பின்னோக்கிப் படிந்திருக்கிறதோ அப்படி. முன்னோக்கி இருந்தால் ஓடும் தண்ணீர் அதை நெம்பித் திறக்கும்.

6. உள்ளே வலுவூட்டுவது

ஆட்களின் எடை இரண்டு இடங்களில் கீழே அழுத்துகிறது, தண்ணீரோ அடி முழுவதையும் மேலே தள்ளுகிறது. இந்த இழுபறியில்தான் படகு வளைகிறது. உள்தளம் ஒட்டியபின், இருவருக்கும் நடுவே குறுக்காக ஒரு தடுப்பு வையுங்கள். மூன்று அடுக்கு அட்டை, 20 செ.மீ. உயரம், சுவர் முதல் சுவர் வரை. அணியத்துக்கும் அமரத்துக்கும் அருகே இன்னும் இரண்டு. சுவர்கள் வெளியே விரிந்துபோகாமலும் இவை பிடித்துக்கொள்ளும்.

சுவரின் மேல்விளிம்பில் 10 செ.மீ. அகலப் பட்டையை இரண்டாக மடித்துத் தொப்பிபோல் கவிழ்த்து ஒட்டுங்கள். துணி, கம்பளம் சுற்றிவரும் தடித்த அட்டைக் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்க விளிம்பிலும் நீளவாக்கில் ஒன்று வைத்துக் கட்டினால் படகு நடுவில் மடிவது பெரிதும் குறையும். உட்காரும் இடத்தில் மட்டும் 40 செ.மீ. சதுரத்தில் இரண்டு அடுக்கு கூடுதலாக ஒட்டுங்கள். முழங்கால்கள் அட்டையைக் குத்தி நசுக்குவதை இது தடுக்கும். உயரமான இருக்கை மட்டும் வேண்டாம். மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள்.

7. பசை, பெயின்ட், டேப்

நீர் தாங்கும் மரப்பசை நல்லது. சாதாரண வெள்ளைப் பசை காய்ந்தபின்னும் தண்ணீரில் இளகும், உள் அடுக்குகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். பசையைப் பட்டையான தூரிகையால் முழுப் பரப்பிலும் மெல்லிசாகத் தடவுங்கள். திட்டுத்திட்டாக வைத்தால் இடையில் காற்று நிற்கும். புத்தகங்களோ தண்ணீர் கேன்களோ பரப்பி வைத்து, ஓர் இரவு காயவிடுங்கள்.

பசை காய்ந்ததும் எல்லா வெட்டு ஓரங்களையும், தண்ணீருக்கு மேலே இருப்பவற்றையும்கூட, மூடுங்கள். பழுப்புத் தாளை 8 செ.மீ. பட்டைகளாகக் கிழித்து, நீர் தாங்கும் பசையில் நனைத்து, ஓரத்தின் இருபுறமும் படியுமாறு ஒட்டுங்கள். கிழித்த பட்டை, வெட்டிய பட்டையைவிட நன்றாகப் படியும். சலிப்பான வேலைதான். குழுவில் பொறுமை அதிகம் உள்ளவரிடம் கொடுங்கள்.

பெயின்ட்டுக்கு அனுமதி இருந்தால் எண்ணெய் சார்ந்த எனாமல் அல்லது வார்னிஷ் மேலானது. திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் உடனிருக்க அடியுங்கள். தண்ணீர் சார்ந்த பெயின்ட் அட்டையை ஈரமாக்கி வளைக்கும். அதுதான் இருக்கிறதென்றால் மெல்லிய பூச்சுகளாக, உள்ளும் புறமும் மாற்றிமாற்றி அடியுங்கள். மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். காகிதத்தால் படகு ஆகுமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால், 1870-களில் அமெரிக்கர் நதானியேல் பிஷப் காகித அடுக்குகளை ஒட்டி வார்னிஷ் பூசிய, 26 கிலோ எடையுள்ள ஓடத்தில் நியூயார்க் மாநிலத்திலிருந்து புளோரிடா வரை துடுப்பு போட்டுப் போய்ச்சேர்ந்திருக்கிறார். பூச்சு முழுதாக இருந்தவரை காகிதம் தாங்கியது.

டக்ட் டேப் (துணி பதித்த தடித்த டேப்) கடைசியில், பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின். தூசி படிந்த வெற்று அட்டையைவிடப் பெயின்ட் அடித்த பரப்பில் டேப் உறுதியாகப் பிடிக்கும். டேப் மட்டும்தான் அனுமதி என்றால் அடியை முழுதும் மூடுங்கள். குறுக்குப் பட்டைகளாக அமரத்திலிருந்து தொடங்கி அணியம் நோக்கி வாருங்கள், ஒவ்வொரு பட்டையும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கை மூடட்டும். கரண்டியால் அழுத்தித் தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். சுருக்கம் விழுந்தால் பிய்த்து எடுக்காதீர்கள், அட்டையின் மேல்தாளும் சேர்ந்து வந்துவிடும். அதன்மேலேயே இன்னொரு பட்டை ஒட்டுங்கள்.

சுவரின் வெளிப்புறம் அணியத்திலும் அமரத்திலும் அடியிலிருந்து சென்டிமீட்டர் கோடுகள் வரைந்துவிடுங்கள். பின்னால் அறிக்கைக்கு இது பொன்போல் உதவும்.

8. துடுப்பு

வாங்கிய துடுப்புக்கு அனுமதி உண்டென்றால் இந்தப் பகுதி தேவையில்லை. அட்டையில்தான் செய்ய வேண்டுமென்றால் தடித்த அட்டைக் குழாய், அதன் முனையில் 20-க்கு 40 செ.மீ. அளவில் மூன்றடுக்குத் தட்டு. தட்டுக்குள் குழாய் பாதி நீளமாவது புதைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பத்து முறை துடுப்பு வலிப்பதற்குள்ளேயே கழுத்து ஒடியும். குழாயின் திறந்த வாயை மூட மறக்காதீர்கள். ஒரு துடுப்பு கூடுதலாகச் செய்துவையுங்கள்.

9. மிதக்கவிட்டுப் பார்ப்பது

ஆட்களுக்குப் பதில் தண்ணீர் கேன்களை ஏற்றுங்கள். பத்து லிட்டர் கேன் பத்து கிலோ, எடை எந்திரமே வேண்டாம். ஆட்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பத்து நிமிடம் விட்டு, கோடுகளைப் படியுங்கள். அணியத்தில் 9, அமரத்தில் 5 என்று வந்தால் பாரம் முன்னால் இருக்கிறது. இரண்டும் சமமாகும்வரை, அல்லது அமரம் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும்வரை நகர்த்தி, அந்த இடங்களில் குறி போடுங்கள். பந்தய நாளில் ஆட்களுக்கு அவைதான் இடம். பிறகு படகைத் தூக்கிக் கவிழ்த்து, விரலால் அடி முழுவதும் தடவுங்கள். மெத்தென்று இருக்கும் இடத்தில் தண்ணீர் நுழைந்திருக்கிறது. இரண்டு நாள் காயவிட்டு மூடுங்கள்.

முன்னோட்டம் அனுமதிக்கப்படவில்லை என்றால் அதே அட்டை, அதே பசை, அதே மூலை மடிப்பில் ஒரு சிறு பெட்டி செய்து, உள்ளே கல் வைத்து, ஒரு மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். உங்கள் மூலை தாங்குமா தாங்காதா என்பது தெரிந்துவிடும்.

10. பந்தய நாள்

பாதுகாப்பை விதிக்காக அல்லாமல் உங்களுக்காகவே செய்யுங்கள். எல்லோருக்கும் மிதவை அங்கி, தண்ணீரிலேயே நிற்க நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர், கரையில் கயிறு. படகில் உடலை எதனாலும் கட்டிக்கொள்ளக் கூடாது. கால்மேல் மூடி வரும் மேல்தளம் வேண்டவே வேண்டாம். கவிழ்ந்தால் ஒரே நொடியில் வெளியே வர முடிய வேண்டும்.

ஏறும்போதுதான் அதிகப் படகுகள் கவிழ்கின்றன. இரண்டு பேர் படகைக் கரையோடு சேர்த்துப் பிடிக்கட்டும். பின்னால் உட்காருபவர் முதலில். கரையில் உட்கார்ந்து, காலை அடியின் நடுக்கோட்டில் வைத்து, உடலைத் தாழ்த்தியபடியே உள்ளே நகருங்கள். விளிம்பில் கையூன்றி எழவோ, குதிக்கவோ கூடாது. அவர் அசையாமல் அமர்ந்தபின் இரண்டாமவர்.

அடி தட்டையான குட்டைப் படகு ஒவ்வொரு துடுப்பு வலிப்புக்கும் மூக்கைத் திருப்பும். ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம், இருவரும் ஒரே நேரத்தில். முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் திசை. முதல் நாலைந்து வலிப்பு குட்டையாக, பிறகு சீராக. துடுப்பைப் படகுக்கு அருகிலேயே செங்குத்தாக இறக்குங்கள், தள்ளி வீசினால் படகு சுழலும். உள்ளே தண்ணீர் வந்தாலும் எட்டிப் பார்க்கச் சாயாதீர்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது இரண்டு கிலோதான், நம் படகில் அது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை.

11. அறிக்கைக்கு

மதிப்பெண் வெற்றிக்கு மட்டும் கிடைப்பதில்லை. கணக்கில் வந்த அமிழ்வு எத்தனை, கோட்டில் படித்தது எத்தனை, வித்தியாசம் ஏன் என்று எழுதுங்கள். அடி நடுவில் தொய்ந்திருந்தால் கோடுகள் பொய் சொல்லும், அதையும் குறியுங்கள். தூரத்தை நேரத்தால் வகுத்து, எல்லை வேகத்தோடு ஒப்பிடுங்கள்.

பிறகு, படகை அப்புறப்படுத்துமுன் ஒன்று செய்யுங்கள். ஈரம் காயும் முன்பே, அடியில் மெத்தென்று உள்ள இடங்களைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து திறங்கள். நெளிவுக் குழல்களுக்குள் கருமையாக ஓடும் ஈரத் தடத்தைப் பின்தொடர்ந்து போனால், அது தொடங்கிய ஓரத்திலோ, மூலையிலோ, டேப்பின் சுருக்கத்திலோ போய் நிற்பீர்கள். அந்த இடத்தைப் படமெடுத்து அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.